பதினோரு ஆடிட்டும் ஒரு நேர்காணலும்

எங்கள் கம்பெனிக்கு ஆடிட்டர் வருகிறார் என்றால் எச்.ஆர். முதலில் தேடுவது என்னைத்தான். "கிளாராக்காவ ரெடியா இருக்கச் சொல்லுங்க" என்று லைனுக்கு ஆள் வந்துவிடும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல ஆசைதான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

காருக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டாகக் கட்டிக் கொடுக்கிற கம்பெனி அது. ஒரகடத்தில் இருக்கிறது. பதினாலு வருஷமாக அங்கே வேலை. அதில் எட்டு வருஷம் லைன் லீடர், கீழே இருபத்தாறு பெண்கள். எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், வேலை செய்கிறவர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க அவ்வப்போது ஆடிட்டரை அனுப்புவார்கள். அவர் எங்களில் நாலைந்து பேரைத் தனித்தனியாக ஓர் அறைக்குள் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். அதற்கு ஒரு வாரம் முன்பே எச்.ஆர். எங்களை உட்காரவைத்துப் பதில் சொல்லிக் கொடுத்துவிடும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை? நாற்பத்தெட்டு சார். ஓவர்டைம் உண்டா? இஷ்டப்பட்டால் மட்டும் சார். பாத்ரூம் போக விடுவார்களா? எப்போது வேண்டுமானாலும் சார். சூப்பர்வைசர் திட்டுவாரா? எங்கள் சூப்பர்வைசர் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி சார். இந்த அண்ணன் மட்டும் என் சொந்தச் சரக்கு. எச்.ஆருக்கே அது தோன்றவில்லை. பிறகு எல்லா லைனிலும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படிப் பதினோரு ஆடிட். என் வாயிலிருந்து ஒரு குறைகூட வெளியே வந்ததில்லை.

அதனால் என் மகள் ஷெர்லினுக்கு நேர்காணல் என்று சேதி வந்தபோது எனக்குப் பயமே வரவில்லை. ப்ளஸ் டூ படிக்கிறாள். வடக்கே ஏதோ ஒரு பெரிய பல்கலைக்கழகம், நூறு பேர் எழுதிப் போட்டால் மூணு பேரையோ நாலு பேரையோதான் எடுப்பார்களாம். எடுத்துவிட்டால் படிப்பு, சாப்பாடு, தங்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கட்டுரை ஒன்று எழுதி அனுப்பியிருந்தாள். அது பிடித்துப்போய், இரண்டு பேராசிரியர்கள் கம்ப்யூட்டர் வழியாக அரை மணி நேரம் பேசுவார்களாம். ஒரு அறை, எதிரே இரண்டு பேர், கேள்வி, பதில். இதில் என்னைவிட அனுபவசாலி இந்த வடக்குப்பட்டில் யார் இருக்கிறார்கள்?

அன்றைக்கே டிரெயினிங்கை ஆரம்பித்துவிட்டேன். நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்று தரையில் மஞ்சள் டேப் ஒட்டினேன். பின்னால் தெரிகிற கொடியிலிருந்து துணியெல்லாம் இறங்கியது. என் வீட்டுக்காரர் எபினேசர் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். அவரைக் காக்கிச் சட்டையோடு பேராசிரியராக எதிரே உட்காரவைத்தேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஒரு வரில சொல்லு. கேக்காதத நீயா எடுத்து வுடாத. தெரியலன்னா 'மேலும் தெரிந்துகொள்ள முயற்சி செய்கிறேன்'னு சொல்லிட்டுச் சிரி. புரியுதா?" என்றேன்.

"புரியுது மேடம்" என்றாள் ஷெர்லின்.

"உங்க ஊர்ல மழ பெஞ்சுதாம்மா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"இன்னா கேள்வி இது? பஸ்ஸுல ஏறுறவங்ககிட்ட கேக்குற மாரி கேக்குற?"

"பின்ன, எனக்கு வேற இன்னா கேக்கத் தெரியும்? பதட்டமா கீற புள்ளைகிட்ட மொதல்ல மழயப் பத்திதான் கேக்கணும்."

பத்து நாளில் அவள் தயாராகிவிட்டாள். உன் பலவீனம் என்ன என்றால் இமைக்காமல், "அதிகமாக உழைப்பது" என்று இங்கிலீஷில் சொன்னாள். நம் நாட்டின் பெரிய பிரச்சினை என்ன என்றால், எல்லாப் பிரச்சினைக்கும் கல்வியே தீர்வு என்றாள். என் லைனில் இருபத்தாறு பேரில் ஒருத்தியைக்கூட இவ்வளவு சுத்தமாக நான் தயார் செய்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதிவதனி போன் செய்தாள். மறைமலை நகர்ப் பெண், அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். நேர்காணலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒருமுறை ஒத்திகை பார்த்து உதவுகிறாள். சர்ச் முடிந்து வந்து நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஷெர்லின் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மஞ்சள் டேப்புக்குள் உட்கார்ந்தாள். எங்களுடையது ஒற்றை அறையும் அடுப்படியும். எங்கே நின்றாலும் எல்லாம் கேட்கும்.

பிசிறில்லாமல் பதில் சொன்னாள். எனக்குக் கைதட்டத் தோன்றியது. நடுவில் மதிவதனி, "உன் கட்டுரைல அம்மாவப் பத்தி எழுதிருக்கியே, அதச் சொல்லு" என்றாள்.

"என் அம்மா கடின உழைப்பாளி. அவர்தான் என் முன்மாதிரி."

"இல்ல, அந்த நோட்டு விஷயம். அத ஏன் ஆரம்பிச்ச?"

"அதைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள முயற்சி செய்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தாள் என் மகள்.

பிறகு மதிவதனி, "ஆன்ட்டி, பக்கத்துல இருக்கீங்களா?" என்றாள்.

"கீறேம்மா. எப்டி? நல்லாப் பேசறா இல்ல?"

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு பதில்கூட தப்பு இல்ல. ஆனா இப்படிப் பேசினா எடுக்க மாட்டாங்க. அரை மணி நேரம் பேசியும் எனக்கு இவளப் பத்தி ஒண்ணுமே தெரியல. அந்தக் கட்டுரை எழுதின பொண்ணுகூட பேசணும்னுதான் அவங்க கூப்பிட்டிருக்காங்க. சாரி ஆன்ட்டி."

கையில் மீன் செதிலோடு நின்றேன். கோபம் மதிவதனி மேல்தான் முதலில் வந்தது. இருபது வயதுப் பெண், எனக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று இருந்தது. ஆனால் ஷெர்லின் தலை குனிந்துகொண்டதைப் பார்த்ததும் விஷயம் வேறு என்று தெரிந்தது.

"இன்னாடி எழுதின என்னப் பத்தி? தமிழ்ல சொல்லு."

"வேணாம்மா."

"சொல்லுன்னா."

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். 'என் அம்மாவிடம் அடிக்கடி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர் ஒரே பதிலைச் சொல்கிறார். அந்தப் பதிலை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறார். வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று. எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது ஒரு நோட்டுப் போட்டேன். அம்மா கிளம்பும் நேரம், வந்து சேரும் நேரம். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கழித்துவிட்டு ஒரு வருஷத்துக்குச் சராசரி பார்த்தேன். அறுபத்தெட்டு வந்தது. எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லும்போது உண்மையான எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது என்று படிக்க விரும்புகிறேன்.' இவ்வளவுதான் கட்டுரை.

"கம்பெனி பேரு போட்டியா?" என் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"போடலம்மா. ஊர் பேருகூட போடல."

"பெத்தவள ஊரெல்லாம் பொய்க்காரின்னு எழுதி அனுப்பிருக்க."

"நான் அப்படி எழுதலம்மா. நீ ரொம்ப டயர்டா வருவன்னு எழுதினேன்." அழுதுவிட்டாள். "நீ பக்கத்துலயே நிக்கிற. உன் முன்னாடி வெச்சு நான் எப்படி அதப் பேசறது?"

மீனைக் குழம்பில் போட்டேனா, அடுப்பில் போட்டேனா என்று தெரியாமல் சமைத்தேன். சாப்பிட்ட பிறகு அவளாகவே அந்த நோட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நாற்பது பக்க நோட்டு. அட்டையில் 'அறிவியல்' என்று எழுதி அடித்திருந்தாள். உள்ளே குண்டு குண்டான சின்னப் பிள்ளைக் கையெழுத்து. அம்மா 7.10. அம்மா 7.45. அம்மா 7.40, மழை. ஒரு பக்கத்தில், 'அம்மா 7.50. சோறு ஆறிவிட்டது. திரும்பச் சூடு பண்ணினேன்.'

பன்னிரண்டு வயதில் எனக்காகச் சோறு வடித்து, ஜன்னலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்த நோட்டில் நான் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று இருந்தது.

அந்த 7.40, 7.45, 7.50 எல்லாம் கம்பெனி பிடித்துவைத்த நேரம் இல்லை.

எங்கள் பஸ் ஏழு மணிக்கெல்லாம் வடக்குப்பட்டு கூட்ரோட்டில் என்னை இறக்கிவிடும். வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் நான் நேராக வீட்டுக்கு வரமாட்டேன். அங்கே ஒரு நிழற்குடை இருக்கிறது. அதில் உட்கார்ந்துவிடுவேன். எதிர்க்கடையில் இரண்டு போண்டா வாங்கித் தின்பேன். கன்டெய்னர் லாரிகள் போவதைப் பார்ப்பேன். அவ்வளவுதான். லைனில் இருபத்தாறு பேர் அக்கா அக்கா என்பார்கள், வீட்டுக்குப் போனால் அடுப்பும் துணியும், அம்மா அம்மா என்கிற குரலும். நடுவில் யாரும் என்னை எதற்கும் கூப்பிடாத அரை மணி நேரம். போண்டா வாங்கினால் பிள்ளைக்கும் இரண்டு வாங்க வேண்டாமா? வாங்கமாட்டேன். வாங்கினால் எங்கே இருந்தேன் என்று தெரிந்துவிடுமே.

நான் அங்கே தின்றுகொண்டிருந்த நேரத்தில்தான் அவள் இங்கே சோற்றைத் திரும்பச் சூடு பண்ணியிருக்கிறாள். அதையும் நான் வேலை செய்த கணக்கில் எழுதியிருக்கிறாள்.

சொல்வதா, வேண்டாமா? திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் லைனில் நின்றபடி இதையே யோசித்தேன். சனிக்கிழமை நேர்காணல். அந்த நோட்டை நம்பித்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் போய் உன் கணக்கு தப்பு என்று சொன்னால் பிள்ளை உடைந்துபோகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கேட்காததை எடுத்து விடாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே. ஆனால் யாராவது ஒருவர் அந்த நோட்டைப் பற்றித் துருவிக் கேட்டால்? என்னை நம்பி, தெரியாமல் ஒரு தப்பான எண்ணைச் சொல்லி நிற்பாளே? நான் ஆடிட்டரிடம் தெரிந்தே சொன்னேன். அவள் தெரியாமல் சொல்லப்போகிறாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கூட்ரோட்டுக்கு வரச்சொல்லி அவளுக்குப் போன் செய்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நிழற்குடையில் உட்காரவைத்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்துப் போண்டா வாங்கினேன். அவள் தொடவில்லை.

"உன் நோட்டுல தப்பு கீது பாப்பா" என்றேன்.

"இன்னா தப்பு?"

"நான் லேட்டா வந்த நாளுல பாதி நாளு கம்பெனில இல்ல. இங்கதான் உக்காந்துகினு இருந்தேன்."

புரியாமல் பார்த்தாள். "பஸ் லேட்டா?"

"இல்லடி. பஸ் கரெக்டாதான் வந்துது. நான்தான் வூட்டுக்கு வரல. நீ ஜன்னல்ல உக்காந்துகினு எழுதிகினு இருந்தப்போ நான் இங்க சும்மா உக்காந்துகினு இருந்தேன். எனக்குத் தெரியாதுடி, நீ டைம் பாத்துகினு கீறன்னு."

"வாரத்துல எத்தன நாள்?"

"ரெண்டு. சில வாரம் மூணு."

"எவ்ளோ நேரம்?"

"அர மணி."

ஆடிட்டர்கூட இப்படிக் கேட்டதில்லை. நான் தலை குனிந்தபடியே பதில் சொன்னேன். அவள் இன்னொரு கேள்வி கேட்கப்போகிறாள், ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எழுந்து முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் போண்டாப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டையும் கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். எபினேசரிடம் சொல்லி அழுதேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ போண்டா தின்னதுக்கா அழுவுற?" என்றார். "நான் டெய்லி டிப்போல பஸ்ஸ வுட்டுட்டு அர மணி நேரம் சீட்டுலயே படுத்துகினுதான் வரேன்." பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியும் இது எனக்குத் தெரியாது. அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை லீவு போட்டேன். எங்கள் சர்ச் ஆயர் வீட்டிலிருந்து வாங்கிவந்த லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு, "நான் சர்ச்சுல போய் உக்காந்துகினு இருக்கேன் பாப்பா. நீ தாராளமாப் பேசு" என்று கிளம்பினேன்.

"எங்கயும் போவாத" என்றாள். இரண்டு நாளைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. "வெளிய படில உக்காரு. கதவச் சாத்தாத."

மாடிப்படியில் உட்கார்ந்தேன். கம்பெனி மீட்டிங்கில் கேட்டுக் கேட்டு எனக்கு இங்கிலீஷ் புரியும், பேசத்தான் வராது. ஒரு சார், ஒரு மேடம். முதலில் அந்த மேடம் உங்கள் ஊரில் வெயில் எப்படி என்று கேட்டார். எபினேசர் இருந்திருந்தால் காலரைத் தூக்கிவிட்டிருப்பார். அப்புறம் கணக்கில் ஏதோ கேட்டார்கள். ஒரு கேள்விக்குத் தெரியாது என்றாள். சிரிக்கவில்லை, வெறுமனே தெரியாது என்றாள். இன்னொன்றுக்குத் தப்பாக ஆரம்பித்து, இல்லை இல்லை என்று தானே திருத்திக்கொண்டாள். இப்படியெல்லாம் யாராவது பதில் சொல்வார்களா?

பிறகு அவளாகவே, "நீங்கள் கேட்பதற்கு முன்னால் நான் ஒன்று சொல்ல வேண்டும். என் கட்டுரையில் ஒரு தவறு இருக்கிறது" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். நிழற்குடையை, இரண்டு நாள் மூன்று நாள் கணக்கை, அரை மணியை. கழித்தால் அறுபத்தெட்டு என்பது ஏறக்குறைய அறுபத்தேழாகும் என்றாள். அந்த சார், ஒரு மணி நேரம்தானே, முடிவு மாறாதே, பிறகு ஏன் சொல்கிறாய் என்றார்.

"முடிவு மாறாது சார். ஆனால் ஆடிட்டர்கள் அம்மாவிடம் கேட்டார்கள், அவர்கள் செய்த தப்பு அந்தப் பதிலை நம்பியது. நான் கேட்கவே இல்லை. ஒரு வருஷம் ஜன்னலில் உட்கார்ந்து அம்மாவைப் பற்றி எழுதினேன், ஒரு நாள்கூட அம்மாவிடம் கேட்கவில்லை. அம்மா தானாக வந்து சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்."

மார்ச் கடைசியில், இடம் கிடைத்துவிட்டது என்று மெயில் வந்தபோது எபினேசர் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு அழுதாராம். மதிவதனி போனில் கத்தினாள். நான் மட்டும் அழவில்லை. ஜூலையில் அவள் ரயில் ஏறுகிறாள், அதே மாதம் எங்களுக்கு அடுத்த ஆடிட். அதில் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அழ வேண்டியதை எல்லாம் நான் அந்தச் சனிக்கிழமை படியிலேயே அழுது முடித்துவிட்டேன். ஏனென்றால் கடைசியாக அந்த மேடம் ஒன்று கேட்டார். "அந்த அரை மணி நேரம் உன் அம்மா அங்கே ஏன் உட்கார்ந்திருந்தார்?"

ஷெர்லின் திரும்பிக் கதவுப் பக்கம் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"நான் கேட்கவில்லை மேடம்" என்றாள். "எங்கள் அம்மாவுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதற்கும் அவர் யாருக்காவது பதில் சொல்ல வேண்டுமா?"

சத்தம் உள்ளே கேட்டுவிடப் போகிறதே என்று நான் துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.